கற்பிட்டியாரின் பட்டியலில் ஏறாத கதை

பழைய நூலொன்று கைக்கு வந்தால் முகப்புத் தாளின் அடிவரியைத்தான் முதலில் பார்ப்பேன். நூல் எந்த ஊரில், எந்த எந்திரத்தில், யாருடைய பணத்தில் பிறந்தது என்பதை அந்த வரிதான் சொல்லும். சைமன் காசிச்செட்டியின் 'தமிழ் புளூட்டாக்' என்ற ஆங்கில நூலின் அடிவரி சொல்லும் செய்தி இது: யாழ்ப்பாணம், ரிப்ளி அண்ட் ஸ்ட்ராங் அச்சகம், 1859.

நூலாசிரியர் யாழ்ப்பாணத்தார் அல்லர். 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர். மணியகாரர் என்பது ஒரு பற்றின், அதாவது பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவின், தலைமை அலுவலருக்கு இருந்த பெயர். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக அமர்ந்தார். சட்டநிரூபண சபை என்றால் ஆளுநர் நியமித்த உறுப்பினர்களைக் கொண்ட அக்காலச் சட்டமன்றம். 1845இல் சிவில் சேவைக்குள் எடுக்கப்பட்டுச் சிலாபத்தில் நீதிபதியாகப் பணிபுரிந்து 1860இல் மறைந்தார். பிறந்த ஊரும் ஆண்ட ஊரும் தீர்ப்புச் சொன்ன ஊரும் இன்றைய புத்தளம் மாவட்டக் கரையோரத்திலேயே அடங்கிவிடுகின்றன.

நான் தேடப் போனது இவரை அல்ல. இந்திய மொழிகளின் முதல் நாவல்கள் ஏன் இவ்வளவு அறிவுரை சொல்கின்றன என்ற கேள்வியோடு வட இந்தியாவின் ஆவணங்களுக்குள் போனேன். அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தேன். வந்த வழியை ஒழுங்காகச் சொல்கிறேன்.

இந்தி நாவலின் தொடக்கத்தைத் தேடுகிறவர் முதலில் ஓர் அரசாங்க அறிவித்தலில்தான் போய் முட்டுவார். 1868இல் பிரித்தானிய இந்தியாவின் வடமேற்கு மாகாண அரசு, மக்கள் மொழிகளில் பயனுள்ள நூல் எழுதுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தது. மாகாணத்தின் துணை ஆளுநர் வில்லியம் மியூர். அடுத்த ஆண்டே நசீர் அகமது உருதுவில் 'மிராத்துல் உரூஸ்' எழுதி ஆயிரம் ரூபாய் பரிசு பெற்றார். அக்பரி, அஸ்கரி என்ற இரு சகோதரிகளின் கதை அது. ஒருத்தி குடும்பத்தைக் கெடுக்கிறாள், மற்றவள் கட்டி எழுப்புகிறாள். 1870இல் மீரட்டைச் சேர்ந்த பண்டித கௌரிதத்தர் இந்தியில் 'தேவரானி ஜேட்டானி கீ கஹானி' வெளியிட்டார். ஓரகத்திகள் இருவரின் கதை. இளையவள் படித்தவள், மூத்தவள் படிக்காதவள். மற்றதை வாசகரே ஊகித்துவிடலாம். 1872இல் 'வாமா சிக்ஷக்', அதாவது பெண்களின் ஆசான், எழுதப்பட்டது. சிரத்தாராம் பில்லௌரி 1877இல் 'பாக்யவதி' எழுதினார். 1882இல் லாலா சீனிவாசதாசின் 'பரீக்ஷா குரு' வந்தது. இந்தி இலக்கிய வரலாற்றாசிரியர் இராமச்சந்திர சுக்லர் முதல் நாவல் என்ற இடத்தை இந்த நூலுக்குத்தான் கொடுத்தார். தில்லி வணிகன் ஒருவன் முகத்துதி பேசும் நண்பர்களால் கடனாளியாகிறான். உண்மை பேசும் வக்கீல் நண்பன் அவனைக் கரையேற்றுகிறான்.

இந்த நூல்களைக் காலவரிசையில் அடுக்கியபோது எனக்கு வியப்பூட்டியது கதைகளைவிடத் தேதிகள்தாம். எல்லாம் 1867க்குப் பிந்தியவை. பிரித்தானிய இந்தியாவில் அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்த ஆண்டு 1867. அதன்பின் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் அரசிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியாகும். தலைப்பு, மொழி, பக்கம், விலை, எத்தனை பிரதி எல்லாம் பதிவாகும். இன்று நாம் இந்தியின் முதல் நாவல் எது என்று ஆற அமர விவாதிக்க முடிகிறதென்றால், அந்தப் பட்டியலில் பேனா ஓட்டிய எழுத்தர்களுக்கும் அதில் பங்குண்டு.

இலங்கையில் இத்தகைய சட்டம் எப்போது வந்தது? செய்தித்தாள்களுக்கான கட்டளைச் சட்டம் 1839லேயே இருந்தது. அச்சகத்தாரும் வெளியீட்டாரும் நூல்களைப் பதிவுசெய்து பிரதி ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1885ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பதினெட்டு ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியிலும் அதற்கு முன்னும் இலங்கையில் அச்சான தமிழ்க் கதைப் புத்தகம் ஒன்று காணாமற் போனால், அது பிறந்ததற்கு அரசாங்கச் சாட்சி கிடையாது.

இப்போது இலங்கைத் தமிழ் நாவலின் தொடக்கத்துக்கு வருவோம். முதலிடத்துக்கு மூன்று பெயர்கள் நிற்கின்றன. கண்டியைச் சேர்ந்த புறக்டர் (வழக்கறிஞர்) மு. கா. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை', 1885. திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை', 1891. இவ்விரண்டுக்கும் முன்னால், ஆசிரியர் பெயர் ஒட்டாமல் நிற்கிறது யாழ்ப்பாணத்தின் 'காவலப்பன் கதை'. இலக்கிய வரலாறுகள் அதற்குத் தரும் ஆண்டு 1856. தமிழ் நாவல் எல்லாவற்றுக்கும் முதல் என்று போற்றப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879இல். அதற்கும் இருபத்து மூன்று ஆண்டு முந்தியது காவலப்பன். இந்த எண்ணைக் கண்டதும் துள்ளிக் குதிக்கத் தோன்றும். துள்ளுவதற்கு முன் சான்றை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

காவலப்பன் கதைக்கு மூலம் உண்டு. ஆங்கிலேயப் பெண் எழுத்தாளர் ஹன்னா மோர் எழுதிய 'பார்லி த போர்ட்டர்' அது. 1795க்கும் 1798க்கும் இடையில் அவர் நடத்திய மலிவுப் பிரசுர வரிசையில் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் சூடு இங்கிலாந்தின் ஏழைகளைத் தொட்டுவிடாதபடி, அரைப் பென்னிக்கும் ஒரு பென்னிக்கும் விற்ற சிறு புத்தகங்கள் அவை. பணக்காரர் மொத்தமாக வாங்கி வேலைக்காரருக்கும் சிறைக்கும் பள்ளிக்கும் கொடுத்தார்கள். கதை எளிது. காட்டின் நடுவே ஒரு மாளிகை. வெளியே கள்ளர் கூட்டம். எசமானர் ஊரில் இல்லை. வாசலைத் திறக்காதே என்பது கட்டளை. காவல்காரன் கெட்டவன் அல்லன். பேச்சுப் பிரியன், அவ்வளவுதான். வேலிக்கு அப்பால் நின்று இனிக்க இனிக்கப் பேசும் கள்ளனுக்குப் பதில் சொல்லத் தொடங்குகிறான். இன்று ஒரு சொல், நாளை ஒரு சொல். கடைசியில் கதவு திறக்கிறது. திறந்தவனோடு சேர்த்து வீட்டையே கள்ளர் அழிக்கிறார்கள். மாளிகை மனித இதயம் என்றும் கள்ளர் பாவம் என்றும் வாசகர் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே இது உருவகக் கதை. மொழிபெயர்ப்பு. மூலம் ஒரு மூச்சில் படித்து முடிக்கக்கூடிய சிறு பிரசுரம். நாவல் என்ற பெயரை இதற்குச் சூட்டுவது நாவலுக்கும் அநியாயம், காவலப்பனுக்கும் அநியாயம். முதலிடப் போட்டியிலிருந்து இதை நான் விலக்கிவிடுகிறேன். ஆனால் தடயங்களின் வரிசையிலிருந்து விலக்க மாட்டேன். தில்லி வணிகனின் கதையைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அங்கும் ஆபத்து வெளியிலிருந்து உடைத்துக்கொண்டு வரவில்லை. இச்சகப் பேச்சாக வந்தது, உள்ளிருப்பவன் இணங்கினான். சீனிவாசதாசர் ஹன்னா மோரைப் படித்தாரா என்பது என் வாதத்துக்கு வேண்டியதில்லை. ஒரே கவலை இரண்டு நூல்களையும் எழுதுவித்தது: எசமானின் கண் இல்லாத இடத்தில் மனிதன் எப்படி நடந்துகொள்வான்? காலனி ஆட்சிக்கு இது தலையாய கேள்வி. எசமானரோ கடலுக்கு அப்பால் இருந்தார்.

காவலப்பன் 1856, தமிழ் புளூட்டாக் 1859. இரண்டும் யாழ்ப்பாணத்தில் அச்சானவை. அக்கால யாழ்ப்பாணத்தில் அச்சகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆறுமுக நாவலரின் அச்சகம் சைவத்துக்கு. கிறிஸ்தவப் பக்கத்தில் பெரியது, அமெரிக்க மிஷன் 1834இல் மானிப்பாயில் நிறுவிய அச்சகம். மிஷன் அதைக் கைவிட்டபோது 1855 அளவில் உள்ளூர்க் கிறிஸ்தவர் இருவர் அதை வாங்கினார்கள். அவர்கள் பெயர்தான் ரிப்ளி, ஸ்ட்ராங். பெயரைப் பார்த்து வெள்ளையர் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் பணம் அனுப்பியவர்களின் பெயர்களை மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைப்பது வழக்கமாயிருந்தது. மிஷன் இதழான 'உதயதாரகை'யின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும்கூடத் தமிழர்களே.

இங்கே கற்பிட்டியாரைப் பற்றிய என் கேள்வி பிறந்தது. காவலப்பன் போன்ற கதைகள் அச்சாகிப் பள்ளிகளிலும் வீடுகளிலும் புழங்கிய அதே ஆண்டுகளில், அதே ஊரின் அச்சகத்துக்குத் தம் கையெழுத்துப் படியை அனுப்புகிறார் காசிச்செட்டி. தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் முதன்முதலாகப் பெயர் வரிசையில் கோத்த நூல் அது. இருநூறை ஒட்டிய பெயர்கள் அதில் உண்டு. உபதலைப்பு என்ன சொல்கிறது? தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தொன்றுதொட்டு இன்றுவரை வாழ்ந்த புலவர், பெண்பாற் புலவர் வரலாறு என்கிறது. புலவர் என்ற சொல்லோடு வாசல் மூடிவிடுகிறது. செய்யுள் எழுதியவர் உள்ளே, கதை எழுதியவர் வெளியே.

இதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. 1859இல் தமிழறிந்த எவரும் அப்படித்தான் வகுத்திருப்பார். உரைநடைக் கதை பள்ளிச் சரக்கு. பாவியைத் திருத்தும் மருந்து. மருந்தை இலக்கியம் என்று யார் அழைப்பார்? ஆனால் காசிச்செட்டி உரைநடையின் வலிமையை அறியாதவர் அல்லர் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே சான்று இருக்கிறது. 1834இல் கோட்டை திருச்சபை மிஷன் அச்சகத்தில் வந்த அவருடைய இலங்கைக் கசற்றியர், ஊர்களை அகரவரிசையில் அடுக்கி விவரிக்கும் ஆங்கில உரைநடை. முக்குவர், பரவர், சோனகர் பற்றிய அவர் கட்டுரைகள் மனிதரின் பழக்கவழக்கங்களை நெருங்கிப் பார்த்து எழுதியவை. திருமணம், உணவு, சீர்வரிசை, சச்சரவு என்று நாவலாசிரியனுக்கு வேண்டிய கண் அத்தனையும் அவரிடம் இருந்தது. 1841இல் 'உதயாதித்தன்' என்ற தமிழ் மாத இதழையும் தொடங்கினார். ஆதரவு போதாமல் அது விரைவில் நின்றுபோனது.

இந்த 1841 ஒரு சிக்கலான ஆண்டு. அந்த ஆண்டு சனவரி 7ஆம் தேதிதான் 'உதயதாரகை' யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. உதயாதித்தனும் அதே ஆண்டு. பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பட்டியல்களில் இரண்டும் கலங்கிவிட இடமுண்டு. மிஷன் இதழ் இருமொழியில், நிறுவனப் பின்பலத்தோடு வந்தது, நீண்டகாலம் வாழ்ந்தது. கற்பிட்டியாருடையது தனி மனித முயற்சி. கரையோரத் தமிழர் ஒருவர் அறிவையும் ஒழுக்கத்தையும் தமிழ் உரைநடையில் மக்களிடம் கொண்டுபோக நினைத்து, தம் பெயரையே முதலாக வைத்து முயன்றிருக்கிறார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. புளூட்டாக்கின் வாசலை அவர் புலவர்களோடு அடைத்தது, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் உரைநடைக்கு வாசகர் கிடைக்காத அனுபவத்துக்குப் பிறகு என்பதை நினைவில் வைத்தால் அவர் பட்டியலை வேறு விதமாகப் படிக்கலாம்.

இந்தக் கரையில் ஒழுக்கம் போதிக்கும் உரைநடை மிஷன் அச்சகங்களோடு வந்ததல்ல. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இருந்தது. கோவாவிலிருந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதிக் குவித்தார். இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள போலவத்தையில் 1742இல் உயிர்நீத்தார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் கோயில்களில் உரத்து வாசிக்கப்பட்டு வந்தது. வியாகுலம் என்றால் பெருந்துயர். இயேசுவின் பாடுகளை விவரிக்கும் உரைகள் அவை. ஒருவர் வாசிக்க ஊரே கேட்டு அழும் உரைநடை. அச்சேறுவதற்கு முன் ஓலையிலும் கைப்படியிலும் ஊர் ஊராகப் போனது. முஸ்லிம் வீடுகளிலோ பெண்களுக்கு நல்லொழுக்கம் சொல்லும் 'பெண் புத்தி மாலை' போன்றவை வழங்கின. 'வாமா சிக்ஷக்' இந்தியில் செய்ததை இங்கே பாட்டு செய்தது.

ஆகவே 1885இல் சித்திலெப்பை அசன்பேயை எழுதும்போது அவருக்கு முன்னே காதுகள் காத்திருந்தன. எகிப்தின் உயர்குடியில் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, தன் பிறப்பைக் கண்டறிந்து திரும்பும் அசனின் கதை அது. எகிப்தின் கிளர்ச்சித் தலைவர் அராபி பாஷா நாடுகடத்தப்பட்டு 1883இல் கொழும்பில் வந்திறங்கியிருந்தார். இலங்கை முஸ்லிம்களுக்கு எகிப்து அப்போது செய்தித்தாளின் முதல் பக்கம். அந்தச் செய்தித்தாளும் சித்திலெப்பையுடையதுதான்: 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்'. கண்டியில் எழுதினாலும் தமிழில் எழுதினார். கண்டி முதல் புத்தளம் கற்பிட்டி வரை இலங்கை முஸ்லிம்கள் வாசித்த மொழி அதுவே. கல்வியும் நேர்மையும் உள்ள இளைஞன் எந்த நாட்டிலும் தலைநிமிர்வான் என்று கதை காட்டுகிறது. போதனை அதே போதனைதான். ஆனால் இங்கே எசமானர் இல்லை. மாளிகையைக் காக்கச் சொல்லும் கட்டளை இல்லை. தன் சமூகத்தைப் பார்த்து ஒருவர் தாமே எழுதிய கதை. காவலப்பனுக்கும் அசன்பேக்கும் இடையே நான் காணும் உண்மையான வேறுபாடு இதுதான். நீளமோ மூலமோ அடுத்ததுதான். முதல் இலங்கைத் தமிழ் நாவல் என்ற இடத்தை அசன்பேக்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஒரு தற்செயலையும் குறித்துவைக்க வேண்டும். அசன்பே வந்த ஆண்டும் நூல் பதிவுச் சட்டம் வந்த ஆண்டும் ஒன்றே. பதிவேடு திறந்த ஆண்டில் முதல் நாவல் நிற்கிறது. இது நாவலின் பிறப்பைக் காட்டுகிறதா, பதிவேட்டின் பிறப்பைக் காட்டுகிறதா என்று கேட்பது ஆய்வாளன் கடமை. 1885க்கு முன் வேறு கதைகளும் அச்சாகி, சாட்சி இல்லாமல் மறைந்திருக்க இடமுண்டு. இந்தியிலும் இதே கேள்வி உண்டு, ஆனால் அங்கே 1867க்குப் பின்னான பட்டியல் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிட்டது.

பதிவேடு இல்லாத காலத்துக்கு ஒரே பெருந்துணை ஜான் மர்டாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1844இல் கண்டியில் பள்ளித் தலைமையாசிரியராக வந்தவர். பின்பு சிங்களப் பிரசுர சங்கம் அமைத்து, அங்கிருந்து சென்னை போய், 1865இல் அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாக வகுத்துப் பட்டியல் வெளியிட்டார். 1870இல் இந்தியாவின் கிறிஸ்தவ மக்கள்மொழி நூல்களுக்குத் தனிப் பட்டியல் போட்டார். அதில் தமிழும் இந்தியும் வங்காளமும் ஒரே அட்டைக்குள் அருகருகே நிற்கின்றன. ஹன்னா கேத்தரின் முல்லன்ஸ் 1852இல் வங்காளத்தில் எழுதிய 'பூல்மணி - கருணா' கதை 1858இலேயே மலையாளத்துக்குப் போய்விட்ட காலம் அது. ஒரு கதை ஒரு மொழியில் பயன்பட்டால் அடுத்த மொழிக்கு அனுப்பு என்பதே பிரசுர சங்கங்களின் நடைமுறை. மீரட்டில் ஓரகத்திகளும் யாழ்ப்பாணத்தில் காவல்காரனும் ஒரே தறியில் நெய்த துணிகள் என்று நான் சொல்வது இந்தப் பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததால்தான். காசிச்செட்டி விட்டதை மர்டாக் எடுத்தார். விலையும் பக்கமும் குறித்தார். தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுத இருவரின் பட்டியலும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

போதனைக்காக எழுதிய கதையில் போதனையை யாரும் நினைவில் வைப்பதில்லை என்பது என் நெடுநாள் எண்ணம். காவலப்பனில் உயிருள்ள பகுதி, வேலிக்கு இருபுறமும் நின்று காவல்காரனும் கள்ளனும் பேசும் பேச்சு. பரீக்ஷா குருவில் வணிகனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் துதிபாடிகளின் உரையாடல். தேவரானி ஜேட்டானியில் மீரட் வீட்டுப் பெண்களின் வாய்மொழி. தீமையைக் கண்டிக்க வேண்டுமானால் முதலில் அது பேசுவதைக் கேட்கச் செய்ய வேண்டும். அப்படிக் கேட்கச் செய்த இடத்தில்தான் செய்யுள் தொடாத நடைமுறைப் பேச்சு அச்சில் ஏறியது. பரிசு கொடுத்த அரசும் பிரசுரம் விற்ற சங்கமும் விரும்பியது நல்லொழுக்கம். அவர்கள் பணத்தில் விளைந்தது உரையாடல்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தன. உடுத்த துணியோடு வந்தவர்கள் புத்தகம் எடுத்துவந்திருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கதைப் பிரசுரம் எதுவும் இனி ஒரு பெரிய அலமாரியில் காத்திருக்கும் என்று நம்ப இடமில்லை. இருந்தால் சிறு வீடுகளில், கோயில் பெட்டிகளில், பள்ளிவாசல் பரண்களில்தான் இருக்கும்.

கற்பிட்டி, புத்தளம், உடப்பு, முந்தல், சிலாபம் பக்கத்து வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அட்டை போன, முகப்புத் தாள் கிழிந்த, தலைப்புத் தெரியாத பழைய தமிழ்ப் புத்தகமோ அரபுத்தமிழ்ப் படியோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒழுக்கம் சொல்லும் சிறு கதைதானே என்று ஒதுக்காதீர்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் எழுத்துகளை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கோ, அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கோ படமெடுக்கக் கொடுங்கள். உதயாதித்தனின் ஓர் இதழ் கிடைத்தாலும் இந்தக் கட்டுரையின் பாதியைத் திருத்தி எழுத நேரும். அப்படித் திருத்த நேர்வதைத்தான் விரும்புகிறேன்.